இருபதாவது சிலேட்டு

திங்கட்கிழமை வந்த தபால் கார்டைப் படித்ததும் ஷரபுன்னிசாவுக்கு வந்தது பயமில்லை, நிம்மதி. அந்த நிம்மதிக்காகப் பின்னால் எத்தனையோ நாள் அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. கார்டைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறைதான்.

வியாழக்கிழமை காலை பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வருவதாகவும், ரிஜிஸ்டர்கள் தயாராக இருக்கவேண்டும் என்றும் கார்டில் எழுதியிருந்தது. அதில் புதிசாக ஒன்றுமில்லை. வருஷா வருஷம் வருகிற இன்ஸ்பெக்டர் அம்மாள் உடம்பு சரியில்லாமல் லீவில் போய்விட்டார், அவருக்குப் பதிலாக ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர், ஆராவமுதாச்சாரியார் என்கிற டிப்டி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்பதுதான் புதிசு. பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆண் அதிகாரி வந்தால் திரை கட்டவேண்டும். திரைக்குப் பின்னால் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர் எட்டிப் பார்க்க முடியாது. இன்ஸ்பெக்டர் அம்மாளாக இருந்திருந்தால் நேரே உள்ளே வந்து தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணியிருப்பார்.

எண்ணினால் என்ன என்றுதானே கேட்கத் தோன்றும். எண்ணினால் ஒன்று குறையும். அந்த ஒன்றில்தான் பள்ளிக்கூடமே தொங்கிக்கொண்டிருந்தது.

ஜீயபுரம் ஸ்டேஷனில் இறங்கி வாய்க்கால் கரையோடு ஒன்றரை மைல் நடந்தால் மேலக்கொடிக்கால். வெற்றிலையும் வாழையும்தான் ஊர், நடுவில் நாற்பது முஸ்லிம் வீடுகள். வாழைத்தார் வியாபாரி காஜா மைதீன் ராவுத்தர் தன் வீட்டு முன்கூடத்தை ஒழித்துக் கொடுத்து, தானே மேனேஜர் என்று கையெழுத்தும் போட்டு நடத்துகிற பெண்கள் ஆரம்பப் பள்ளி அது. ஒரே வாத்தியாரம்மா, ஷரபுன்னிசா. திருச்சியில் நத்தர்ஷா தர்கா பக்கம் பிறந்து வளர்ந்தவள். டிரெயினிங் பாஸ் செய்தவள். முப்பத்தொரு வயசு, கொஞ்சம் வாய் நீளம். அஞ்சு வகுப்பையும் ஒரே கூடத்தில் ஒரே தொண்டையால் மேய்க்கிறவளுக்கு வாய் நீளமில்லாமல் எப்படி இருக்கும்?

அந்த வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு ஜனவரியில், ஆபீசிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்திருந்தது. சின்னச் சின்னப் பள்ளிக்கூடங்களால் பிரயோஜனமில்லையாம். பார்வையிடும் நாளில் இருபது பிள்ளைகளுக்குக் குறைந்தால் அந்தப் பள்ளியின் அங்கீகாரம் மார்ச்சு மாசத்தோடு ரத்து. பிள்ளைகளை அடுத்த பள்ளியில் சேர்த்துவிடலாம். அடுத்த பள்ளி என்பது வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆண் பிள்ளைகள் பள்ளி. மேலக்கொடிக்காலில் எந்த அத்தா தன் பெண்ணை அங்கே அனுப்புவார்? காகிதத்தில் எழுதினவருக்கு அது ஒரு வரி. இங்கே அத்தனை பெண்களும் அன்றோடு அடுப்படிக்குத் திரும்பவேண்டியதுதான்.

ரிஜிஸ்டரில் இருபது பெயர் இருந்தது. பாயில் உட்காருகிறவர்கள் பத்தொன்பது பேர்.

இருபதாவது பெயர் ரோஷன் பேகம். அஞ்சாம் வகுப்பு, வயசு பதினொன்று, காஜா மைதீனின் ஒரே மகள். நாலு மாசத்துக்கு முன்னால், ரஜபு மாசத்தில், அவளுக்கு உறையூர் லுங்கி வியாபாரி ஒருவர் மகனோடு நிக்காஹ் முடிந்தது. பெண் பெரிய மனுஷி ஆன பிறகு அழைத்துப் போகிறோம் என்று பேச்சு. அதுவரை தாய் வீட்டில்தான் இருப்பாள். ஆனால் நிக்காஹ் ஆன பெண் சிலேட்டைத் தூக்கிக்கொண்டு பாயில் உட்காருவது அழகில்லை என்று சம்மந்தி வீட்டில் ஒரு வார்த்தை சொன்னார்கள். காஜா மைதீனும் தலையை ஆட்டிவிட்டார். கூடத்திலிருந்து உள்வீட்டுக்குப் போகிற கதவு மறுநாளே சாத்தப்பட்டது. ரோஷன் அதற்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

பெயரை அடித்திருக்கவேண்டும். அடித்தால், நீங்கிய காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் ஏதாவது எழுதவேண்டும்.

"நிக்காஹ்னு எழுதிப்புடாதீங்க வாத்தியாரம்மா," என்றார் காஜா மைதீன். "பதினாலு ஆகாத பொண்ணுக்குக் கட்டி வைக்கக் கூடாதுன்னு சாரதா சட்டம் இருக்கு. சர்க்கார் ரிஜிஸ்டர்ல நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும். பேரு பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

அவருக்குச் சட்டத்துக்குப் பயம். ஜனவரியில் சுற்றறிக்கை வந்த பிறகு அவளுக்கு எண்ணிக்கைக்குப் பயம். இரண்டு பயமும் சேர்ந்து ஒரு பொய்யைப் பெற்று வளர்த்தன. நாலு மாசமாகக் காலையில் ஒரு கோடு, பிற்பகலில் ஒரு கோடு, ரோஷன் பேகம் தவறாமல் ஆஜர். பெயரை மட்டும் வாய்விட்டுக் கூப்பிடுவதில்லை. பத்தொன்பதாவது பெயரோடு ஷரபுன்னிசாவின் குரல் நின்றுவிடும். பேனா மட்டும் இன்னொரு தடவை காகிதத்தில் கீறும். அந்தச் சத்தத்தைப் பிள்ளைகள் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

அவளுக்கும் ஒரு சமாதானம் இருந்தது. ஒரு நாள் பதிமூன்றாம் வாய்ப்பாட்டில் ஒரு பெண் திக்கித் திணறி நின்றபோது, சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து "நூத்தி நாலு" என்று பதில் வந்தது. அன்றிலிருந்து ஷரபுன்னிசா கொஞ்சம் உரக்கவே பாடம் நடத்தினாள். கதவுக்கு அடியில் இருக்கிற இடுக்கில் ஒரு நிழல் எப்போதும் உட்கார்ந்திருக்கும். பத்தடி தூரத்தில் இருந்து பாடம் கேட்கிற பெண்ணுக்கு ஆஜர் போட்டால் அது முழுப் பொய்யா என்று தனக்குத் தானே கேட்டுக்கொள்வாள். முழுப் பொய்தான் என்று அவளுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்தில் முதல் பாடம் எழுத்து இல்லை, கை. பலப்பமோ சிலேட்டோ தண்ணீர்ச் செம்போ, எதை யாரிடம் கொடுத்தாலும் வலது கையால் கொடுக்கவேண்டும். இடது கை நீண்டால் விசிறிக் காம்பு உடனே அதன்மேல் விழும். ஊரில் பல அத்தாமார் பெண்களை அனுப்பியதே இந்த ஒழுங்குக்காகத்தான். படிப்பு அவர்களுக்குக் கொசுறு. "எந்தக் கையால நீட்டுறே?" என்று ஏழு வருஷமாக அவள் கேட்டுக் கேட்டு, தூக்கத்தில் கூட அந்த வாக்கியம் வாயில் வரும் என்று அவள் அம்மா கேலி செய்வாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். காய்ச்சல் என்றவளையும், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றவளையும், கன்னம் வீங்கி வேப்பிலை அரைத்துப் பூசிக்கொண்டு இருந்தவளையும் விடவில்லை. தம்பியையும் தூக்கிக்கொண்டு வரச்சொன்னாள். எட்டரை மணிக்குக் கூடத்தில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். பன்னிரண்டு பேர் சின்னவர்கள், அவர்கள் வெளியே பாயில். நாலாம் வகுப்பும் அஞ்சாம் வகுப்பும் சேர்ந்து ஏழு பேர் பெரியவர்கள், அவர்கள் திரைக்குப் பின்னால். கூடத்தின் குறுக்கே கயிறு கட்டி, காஜா மைதீன் வீட்டுக் கல்யாண ஜமுக்காளத்தையே திரையாகத் தொங்கவிட்டிருந்தது. அது தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. அதை அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

ஒன்பதரைக்கு ஆராவமுதாச்சாரியார் வந்தார். பஞ்சகச்சம், கறுப்புக் கோட்டு, நெற்றியில் நாமம், ஒரு கையில் குடை, ஒரு கையில் தண்ணீர்க் கூஜா. காஜா மைதீன் இளநீர் சீவச் சொன்னார். கண்ணெதிரே சீவினதை அவர் வாங்கிக் குடித்துவிட்டு, "பேஷ்" என்று வாயைத் துடைத்துக்கொண்டு நேரே வேலையில் இறங்கினார். வாசல் பக்கம் அவருக்கு ஒரு நாற்காலி. உள்கதவை ஒட்டி காஜா மைதீனுக்கு ஒரு நாற்காலி. நடுவில் மேஜை ஓரமாக ரிஜிஸ்டரோடு ஷரபுன்னிசா நின்றாள்.

அவர் நிதானமான மனுஷர். அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆபீசில் இருந்து வருகிறவர்கள் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில் இருக்கவேண்டும். இவர் சின்னவர்களை ஒவ்வொருத்தியாக எழுப்பி, பெயர் கேட்டு, ரிஜிஸ்டரில் தேடிப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். தம்பியை மடியில் வைத்திருந்தவளிடம், "இவர் எந்தக் கிளாஸ்?" என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். ஷரபுன்னிசாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"பன்னிரண்டு," என்றார். பிறகு திரையைப் பார்த்தார். "அந்தப் பக்கம் எத்தனை பேர் அம்மா?"

"எட்டுப் பேருங்க."

இதுவரை எழுதின பொய்தான். வாயால் சொன்னது இப்போதுதான்.

"பன்னிரண்டும் எட்டும் இருபது. சரியா இருக்கு," என்று அவர் ரிஜிஸ்டரை மூடப்போனார். அவளுக்கு மூச்சு வந்தது. மூடப்போனவர் மூடவில்லை. "பேஷ். நான் திரையைத் தொடமாட்டேன். என் அகத்திலும் பெண்கள் இருக்கா. ஒரு வாக்கியம் சொல்றேன், குழந்தைகள் சிலேட்டிலே எழுதட்டும். எழுதினதை அந்த ஜமுக்காளத்துக்குக் கீழே ஒவ்வொருத்தரா நீட்டினாப் போறும். படிப்பும் தெரிஞ்சுடும், எண்ணிக்கையும் தெரிஞ்சுடும்."

ஷரபுன்னிசா காஜா மைதீனைப் பார்த்தாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"காவிரி மேற்கே பிறந்து, பல ஊர்களைக் கடந்து, கிழக்கே கடலில் சேருகிறது." கோயில் பிராகாரத்தில் பேசிப் பழகிய குரல். கூடம் முழுக்கக் கேட்டது. இரண்டு தடவை சொன்னார். பலப்பங்கள் கிறீச்சிட்டன. அந்த நேரத்தில் ஷரபுன்னிசா இன்னொரு பொய்யைத் தயார் செய்துகொண்டிருந்தாள். எட்டாவது பெண் வயித்து வலி என்று கொல்லைப்பக்கம் போயிருக்கிறாள், இதோ வந்துவிடுவாள். பொய்க்கு ஒரு குணம். ஒன்று தனியாக இருக்காது, அடுத்ததைக் கூப்பிட்டுக்கொண்டு வந்துவிடும்.

முதல் சிலேட்டு வெளியே வந்தது. வலது கை, கண்ணாடி வளையல். அவர் குனிந்து வாங்கிப் படித்து, ஒரு புள்ளி வைத்து, அதே இடத்தில் திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது. மூன்றாவது கையின் மணிக்கட்டில் நீளமாக ஒரு சுட்ட தழும்பு இருந்தது. கஞ்சி வடிக்கும்போது பானை சரிந்து வந்த தழும்பு. அது ஆரிஃபா, பன்னிரண்டு வயசு, பள்ளிக்கூடத்திலேயே வாலு. நாலாவது. அஞ்சாவது. ஆறாவது. ஏழாவதைக் கொடுத்துவிட்டுக் கை உள்ளே போயிற்று.

ஷரபுன்னிசா வாயைத் திறந்தாள். வயித்து வலி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அப்போது திரைக்குக் கீழே எட்டாவது சிலேட்டு வந்தது.

அவள் யாரிடமும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. சிலேட்டு வெளியே வந்து நின்றது, அதைப் பிடித்திருந்தது இடது கை. தழும்பு இருக்கிற கையைக் காட்டக்கூடாது என்று அந்தப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. ஷரபுன்னிசாவுக்கு அந்தக் கணத்தில் அதெல்லாம் தோன்றவில்லை. பெரிய மனுஷர் ஒருவரிடம் தன் பள்ளிக்கூடத்துப் பெண் இடது கையை நீட்டுகிறாள். கண்ணில் பட்டது அது ஒன்றுதான்.

"எந்தக் கையால நீட்டுறே? பெரியவங்களுக்குக் குடுக்கிற கையா அது?"

ஏழு வருஷத்துப் பழக்கம் அவளைக் கேட்காமலே வாயைத் திறந்து பேசிவிட்டது. அந்தப் பக்கமும் அதே பழக்கம்தான். இடது கை வெடுக்கென்று உள்ளே போயிற்று, சிலேட்டு மறுபடி வெளியே வந்தது, பணிவாக, வலது கையில். மணிக்கட்டில் நீளமாகச் சுட்ட தழும்பு.

ஆராவமுதாச்சாரியார் சிலேட்டை வாங்கிக்கொள்ளவில்லை. அந்தக் கையையே பார்த்தார்.

"இந்தக் கையை நான் மூணாவதாப் பார்த்தேனே," என்றார், ரொம்ப மெதுவாக.

மடியில் இருந்த தம்பிப்பயல் மட்டும் ஏதோ மழலை பேசினான்.

"உன் பேரென்ன, குழந்தே?"

"ரோஷன் பேகம்," என்றாள் ஆரிஃபா. குரல் நடுங்கவே இல்லை. கை மட்டும் உள்ளே போகத் தெரியாமல் சிலேட்டோடு அப்படியே நின்றது.

ஷரபுன்னிசாவுக்கு அவமானம் தாங்கவில்லை. மாட்டிக்கொண்டதற்காக இல்லை. தான் ரிஜிஸ்டரில் நாலு மாசமாகத் திருட்டுத்தனமாக எழுதினதை ஒரு சின்னப் பெண் வாய்கூசாமல் சொல்கிறாள். யாரும் சொல்லித்தரவில்லை. பேனா கீறுகிற சத்தத்தைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டிருக்கிறாள். வாத்தியாரம்மா நடத்தின பாடங்களில் இதுதான் இவளுக்கு நன்றாக மண்டையில் ஏறியிருக்கிறது.

"இல்லீங்க," என்றாள் ஷரபுன்னிசா. "அது ஆரிஃபா. அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. அந்தப் பக்கம் ஏழு பேர்தான். ரோஷன் பேகம் நாலு மாசமா வர்றதில்லைங்க."

"தினமும் ஆஜர் போட்டிருக்கேளே."

"போட்டேங்க. நான்தான் போட்டேன்."

காஜா மைதீனின் நாற்காலி கிறீச்சிட்டது. அவரை அவள் பார்க்கவில்லை. மேனேஜர் சொன்னார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பழி அந்தப் பக்கம் போயிருக்கும். சொல்லத் தோன்றவில்லை.

ஆராவமுதாச்சாரியார் கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னச் சிவப்பு மசிப் புட்டியை எடுத்து மேஜையில் வைத்தார். பேனாவைத் தோய்த்து அவளிடம் நீட்டினார்.

"பத்தொன்பது. நீங்களே அந்தப் பேரை அடிச்சுடுங்கோ. காரணத்தையும் எழுதிடுங்கோ."

பத்தொன்பது என்று அவர் சொன்னது பிள்ளைகளுக்கும் புரிந்தது. சுற்றறிக்கையைப் பற்றி ஊரில் தெரியாதவர்கள் இல்லை. முன்வரிசையில் ஒருத்தி தன் சிலேட்டை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஷரபுன்னிசா பேனாவை வாங்கினாள். இருபதாவது வரியின் மேல் ஒரு கோடு கிழித்தால் போதும், ஏழு வருஷம் முடிந்தது. காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? ஊரை விட்டுப் போனாள் என்று எழுதலாம். ஆனால் அதற்கு மேல் பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. உண்மையை எழுதினால், இடத்தைக் கொடுத்த மனுஷரைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும். காஜா மைதீனின் கண் அந்தப் பேனா முனையை விட்டு நகரவில்லை.

"கல்யாணமா?" என்று ஆராவமுதாச்சாரியாரே கேட்டார்.

காஜா மைதீனின் கண் பேனா முனையை விட்டுத் தரைக்கு இறங்கியது. அதுவே பதிலாக இருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் பெண்ணுக்கு ஒம்பது வயசிலே பண்ணினேன். சட்டம் அமலுக்கு வர்றதுக்குப் பத்து நாள் முன்னாடி. அந்தப் பங்குனியிலே ஸ்ரீரங்கத்திலே மேளக்காரன் கிடைக்காம அலைஞ்சோம், வீட்டுக்கு வீடு கல்யாணம். அதோட அவ ஸ்கூல் நின்னு போச்சு. வாசிக்க ஆசைப்பட்டா. நான்தான் நிறுத்தினேன்." அதை அவர் யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் பழைய குரல் திரும்பிவிட்டது. "எழுதுங்கோ அம்மா. எனக்கு இன்னும் ஒரு ஸ்கூல் பார்க்கணும்."

ஒரு நிமிஷம் இந்த மனுஷர் விட்டுவிடுவார் என்று அவள் நம்பிவிட்டாள். நம்பினதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. பேனாவைக் காகிதத்தின் மேல் கொண்டுபோனாள்.

உள்கதவு ஒரு சாண் திறந்தது.

தரையோடு தரையாக ஒரு சிலேட்டு வெளியே வந்தது. அதைப் பிடித்திருந்தது வலது கை. நகத்தில் மட்டும் மருதாணி மிச்சம் இருந்தது. காஜா மைதீனின் செருப்புக்கு அருகே சிலேட்டை வைத்துவிட்டு அந்தக் கை உள்ளே போகவில்லை, அங்கேயே இருந்தது.

ஆராவமுதாச்சாரியார் எழுந்து போய் அதை எடுத்தார். படித்தார். காவிரி மேற்கே பிறந்து, பல ஊர்களைக் கடந்து, கிழக்கே கடலில் சேருகிறது. ஷரபுன்னிசா எட்டிப் பார்த்தாள். வரி கோணவில்லை, எழுத்து மாறவில்லை. நாலு மாசம் பாயில் உட்காராத பெண்ணின் கையெழுத்து, உட்கார்ந்தவர்கள் கையெழுத்தைவிட நன்றாக இருந்தது.

"நன்னா எழுதியிருக்கா," என்றார் அவர். கதவைப் பார்த்தார், காஜா மைதீனைப் பார்த்தார். "ஆனா மேனேஜர்வாள், கதவுக்கு இந்தப் பக்கம்தான் ஸ்கூல். அந்தப் பக்கம் உங்க வீடு. வீட்டிலே இருக்கற குழந்தையை நான் எண்ண முடியாது." சிலேட்டை மேஜையில் வைத்துவிட்டுப் பைக்கடிகாரத்தை எடுத்தார். "பத்து நிமிஷம் இருக்கேன்."

காஜா மைதீன் எழுந்தார். மறுநாள் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் உறையூர்ச் சம்மந்தி சாப்பிட வருகிறார் என்று ஊருக்கே தெரியும். காலையிலேயே ஆடு வாங்கிக் கட்டியிருந்தது. அவர் கதவைச் சாத்தத்தான் போகிறார் என்று ஷரபுன்னிசா நினைத்தாள். அவளே அந்த இடத்தில் இருந்தாலும் சாத்தியிருப்பாளோ என்னவோ. அவர் கதவில் கையை வைத்துக்கொண்டு குனிந்தார்.

"எத்தனை நாளா இந்தக் கதவுக்குப் பின்னாடி உக்காந்திருக்கே?"

"தினமும்தான் அத்தா," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

"உங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"பாய் போட்டதே அம்மாதான் அத்தா."

அவர் ஒரு தடவை தோளிலிருந்த சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டார், பிறகு கழற்றினார். கதவை முழுசாகத் திறந்து, இரண்டு கையாலும் சால்வையை விரித்து மறைப்பாகப் பிடித்தார். ஆராவமுதாச்சாரியார் ஒன்றும் கேட்காமல் திரும்பி, சுவரில் மாட்டியிருந்த சென்னை ராஜதானிப் பூகோளப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார்.

சால்வைக்குப் பின்னால் கொலுசுச் சத்தம் கேட்டது. கதவிலிருந்து திரைவரை பத்து அடி. பெரிய வியாபாரி, ஊரில் நாலு பேர் கைகட்டி நிற்கிற மனுஷர், பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்து மகளைக் கொண்டுபோய் விட்டார். ஜமுக்காளத்துக்குப் பின்னால் பாய் இழுபடுகிற சத்தம், யாரோ நகர்ந்து இடம் கொடுக்கிற சத்தம், அடக்கமுடியாமல் ஒரு சிரிப்பு. ஷரபுன்னிசா அதட்டவில்லை.

"எண்ணிக்குங்க," என்றார் காஜா மைதீன்.

ஆராவமுதாச்சாரியார் திரும்பி வந்து உட்கார்ந்தார். "கையை நீட்டுங்கோ குழந்தைகளா. வலது கையை."

எட்டு வலது கைகள் திரைக்குக் கீழே வரிசையாக வந்தன. அவர் குடை நுனியால் காற்றில் தொட்டுத் தொட்டு எண்ணினார். ரிஜிஸ்டரில் அன்றைய தேதிக்குக் கீழே, எண்ணிப் பார்த்தது இருபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு பக்கத்தைப் பின்னால் திருப்பினார். சிவப்பு மசியில் தோய்த்து, ரோஷன் பேகம் என்ற வரியில் நாலு மாசத்துக் கோடுகளையும் ஒவ்வொன்றாகச் சுழித்தார். ஞாயிற்றுக்கிழமைகளும் பெருநாள் லீவும் போக எல்லா நாளும். ரொம்ப நேரம் பிடித்தது. ஷரபுன்னிசா நின்றுகொண்டே பார்த்தாள். கடைசியில் கீழே எழுதியதைத் தானே வாசித்தும் காட்டினார். பொய்யான ஆஜர் பதிந்ததற்குத் தலைமை ஆசிரியை பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவேண்டும்.

"இதை எழுதாம என்னால போக முடியாது அம்மா. ஸ்கூல் பிழைச்சுடுத்து. உங்க சர்டிபிகேட்டுக்கு நான் உத்தரவாதம் சொல்ல முடியாது. போனாலும் போகும்."

"தெரியுதுங்க," என்றாள் ஷரபுன்னிசா. பயமாகத்தான் இருந்தது. டிரெயினிங் சர்டிபிகேட் ஒன்றைத் தவிர அவளுக்கென்று இந்த உலகத்தில் வேறு சொத்து இல்லை. ஆனால் நாலு மாசமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போயிருந்தது. அதுவும் நிஜம்.

அவர் குடையையும் கூஜாவையும் எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையோடு போனார். காஜா மைதீன் சால்வையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"என் பேரச் சொல்லாம விட்டுட்டீங்களே வாத்தியாரம்மா."

"சொல்லி என்ன ஆகப்போகுதுங்க."

"நாளைக்குச் சம்மந்திக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். அவரு என்ன சொல்வாரோ, அது அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்." கொஞ்சம் யோசித்தார். "ஆபீசுக்கு நீங்க எழுதற விளக்கத்துல, பேரை அடிக்க வேணாம்னு மேனேஜர் சொன்னாருன்னு எழுதுங்க. காரணத்தையும் எழுதிடுங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

பிற்பகல் இரண்டு மணிக்கு மணி அடித்தது. திரையை அவிழ்த்தாயிற்று. ஆரிஃபாவை மேஜைக்கு அருகே கூப்பிட்டாள். விசிறிக் காம்பைக் கையில் எடுத்தாள். அந்தப் பெண் தானாகவே வலது கையை நீட்டிக்கொண்டு கண்ணை இறுக்கி மூடியது. ஷரபுன்னிசா அந்தத் தழும்பைப் பார்த்தாள், காம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"இனிமே நீயும் பொய் சொல்லாதே, நானும் சொல்லமாட்டேன். போய் உக்காரு."

ரிஜிஸ்டரை விரித்தாள். பக்கம் முழுக்கச் சிவப்புச் சுழிகள். வழக்கம்போல முதல் பெயரிலிருந்து கூப்பிட்டுக்கொண்டு வந்தாள், கோடு போட்டுக்கொண்டு வந்தாள். பத்தொன்பதாவது பெயருக்குப் பதில் வந்ததும் கூடத்தில் சத்தம் அடங்கிவிட்டது. வழக்கமாகக் குரல் நின்று பேனா மட்டும் கீறுகிற இடம் அது. பிள்ளைகள் அவள் கையைப் பார்த்தார்கள். அவள் பேனாவைக் காகிதத்தில் வைக்காமல் தலையை நிமிர்த்தினாள்.

"ரோஷன் பேகம்."

"ஆஜர்," என்றாள் ரோஷன் பேகம்.

ஷரபுன்னிசா கோடு போட்டாள்.